அழாதவளைப் பற்றி ஐந்து பேர் சொன்னது

"இங்கிலாந்துல சூரியனே கிடையாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதுதான் அந்தத் தொடரைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த முதல் கருத்து. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் பாகம் முழுக்க மழை. மழை விட்டால் மூடுபனி. மூடுபனி விலகினால் கறுத்த கடல். அதன் கரையில் பத்துப் பதினைந்து வீடுள்ள ஓர் ஊர், படகில் செத்துக் கிடக்கும் ஒரு மீன்காரன், அவனைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வரும் ஒல்லியான இன்ஸ்பெக்டர். அந்த மனுஷன் ஆறு பாகத்திலும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் அவனுக்கு டீ கொடுக்கிறார்கள், அவன் குடிப்பதேயில்லை. கோப்பை கோப்பையாக ஆறிப்போகிற டீயைப் பார்த்து எங்கள் எதிர்வீட்டு சயாமாவுக்கு வயிறு எரிந்தது.

சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்களுடையது பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில், ரயில் போனால் ஜன்னல் ஆடுகிற பழைய கட்டடம். நாங்களும் சயாமாவும் நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தெருவே சேர்ந்து "மீ லாபீ!" என்று கூவினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூவல் கேட்டதும் ஐந்து பேர் எங்கள் கூடத்துப் பாயில் கூடிவிடுவோம். பாதியில் கரண்ட் போகும். போனால் அடுத்த வாரம். ஆறு பாகம் பார்க்க எங்களுக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

தொடரைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தது என் அலுவலகத்துப் பெண். கியாக்டடாவில் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிற இடம் அது. பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் பர்மியத்திலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றுவேன். ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அங்கே நான் ரொம்ப ஒழுங்கு. வீட்டில் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. திரையின் அடியில் பர்மிய எழுத்து ஓடும். என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கல். கீழ்வீட்டு அக்காவுக்குப் பர்மியம் பேச வரும், படிக்க வராது. ஆகவே நான் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவேன், கொஞ்சம் சேர்த்தும் சொல்வேன். இன்ஸ்பெக்டர் "வருகிறேன்" என்றால் நான் "வரேன், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்குங்க" என்று முடிப்பேன். அவன் அவ்வளவு அக்கறையான ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

நாலாவது ஆள் அந்த அக்கா. முதல் மாடி. புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது. ஐந்தாவது அவள் மகள், இருபது வயசு. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போல அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது பர்மியம்தான். ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் விமானம். அவள் அப்பா செத்த நாளிலிருந்து அவள் தன் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு, ஆனால் இவள் சமையலறைக்குள் வந்தால் அவள் கூடத்துக்குப் போய்விடுவாள்.

அக்கா ஒரு நாள் மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள். "போகட்டும், நல்லாப் பொழைக்கட்டும். போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டா போதும் எனக்கு." சொல்லும்போதும் அவள் கண் கலங்கவில்லை. அவர்கள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தது எங்கள் வீட்டில், இந்தத் தொடருக்காக மட்டும்தான். அதனால் கரண்ட் பாதியில் போனால் எல்லோரும் சபிப்பார்கள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததே.

ஆனால் பாருங்கள், எத்தனையோ தொடர் இருக்க, நான் கொண்டுவந்து சேர்த்தது எப்படிப்பட்ட தொடர்! முதல் பாகத்திலேயே இன்ஸ்பெக்டர் செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி திறக்கிறாள். உன் புருஷன் இறந்துவிட்டான் என்கிறான். அவள் "சரி" என்கிறாள். திரும்பிப் போய்த் தொட்டியில் கிடந்த தட்டைக் கழுவ ஆரம்பிக்கிறாள். வாத்தியம் இல்லை, கூச்சல் இல்லை, குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். அம்மாடி! என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் படங்களில் ஒருத்தன் செத்தால் பத்துப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள், அப்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை.

அன்றைக்கே கட்சி பிரிந்துவிட்டது. கொன்றவன் படகில் கூட்டாளியாக இருந்தவன் என்றார் என் வீட்டுக்காரர். சயாமா இன்ஸ்பெக்டரையே சந்தேகப்பட்டார். கொடுத்த டீயைக் குடிக்காதவன் எதையும் செய்வான் என்பது அவர் கட்சி. நான் பெண்டாட்டி என்றேன். "பின்னே என்ன? புருஷன் பொணமாக் கெடக்கான், இவ தட்டு கழுவுறா. கல்நெஞ்சுக்காரி!" சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பர்மியத்தில் சொன்னாள். "அத்தை சொல்வது சரி. அழாதவள்தான் செய்திருப்பாள். எனக்குத் தெரியும்."

சயாமா பாவம், இங்கிலாந்து டீயில் பால் எவ்வளவு ஊற்றுவார்கள் என்று எதையோ ஆரம்பித்தார். அப்போது அக்கா, "அவ இல்ல," என்றாள். "கையைப் பாருங்க. ஒரே தட்டை மூணு தடவை கழுவுறா."

ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். மூன்று தடவை! கழுவுகிறாள், அடுக்கில் வைக்கிறாள், அதையே எடுத்து மறுபடியும் தண்ணீரில் பிடிக்கிறாள். படிக்கத் தெரிந்த நாங்களெல்லாம் திரையின் அடியில் ஓடுகிற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவள் ஒருத்திதான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படியே. இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கும்போது யார் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள், யார் கதவுப்பக்கம் பார்க்கிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நாங்கள் பின்னால் ஓட்டிப் பார்ப்போம். சொன்னது சொன்னபடி இருக்கும். "நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும் தங்கச்சி," என்பார் என் வீட்டுக்காரர். மகள் மட்டும் தன் கட்சியை விடவில்லை.

அவள் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆக்ஸிஜனுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்தக் கொரோனா மழைக்காலம். எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டில் இரண்டு ஆண்கள் ஒரே சமயத்தில் படுத்தார்கள். முதல் மாடியில் அக்கா வீட்டு அண்ணன், நான்காம் மாடியில் என் வீட்டுக்காரர். அக்கா விடிவதற்குள் சிலிண்டர் நிரப்பப் போனாள். போன இடத்தில் மத்தியானம்வரை வரிசை. அவள் திரும்புவதற்குள் அண்ணன் மகளின் மடியிலேயே போய்விட்டார். வந்தவள் மூக்கில் கைவைத்துப் பார்த்தாள். ஒரு சத்தம் போடவில்லை. எழுந்து வெளியே போனாள். அரை மணி கழித்துத்தான் வந்தாள். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. இதை அந்தப் பெண் சொல்லிக் கட்டடம் முழுக்கத் தெரியும். நான் சும்மா இருந்தேனா? த்வாண்டேயில் இருக்கிற என் தங்கைக்குப் போன் போட்டு, "பொம்பளையா அது, மரம்டீ," என்று சொன்னவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் பிழைத்தது வேறு கதை. இங்கே பழைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல்முனையில் மணி. கீழே பேப்பர்காரரோ காய்காரம்மாவோ சாமானைக் கட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் தூக்கிக்கொள்வோம். யார் கட்டினார்கள் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம்கூட இல்லை. அந்த மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. உதவிச் சங்கத்துப் பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பார்த்தால் கயிற்று நுனியில் ஒரு சின்ன சிலிண்டர்! கழுத்தைச் சுற்றி, இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டுகிற பச்சை ஸ்கூல் லுங்கி ஒன்று. மழையில் கீழே ஆள் யாரும் தெரியவில்லை. அரிசி மூட்டை தூக்குகிற கயிறு என்பதால் தாங்கியது. நானும் சயாமாவும் கை தோல் உரிய இழுத்து மேலே ஏற்றினோம். அந்த ஒரு சிலிண்டர் இரவைத் தாண்டவைத்தது. மறுநாள் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. சங்கத்துப் பிள்ளைகள் மகராசன்களாக இருக்கட்டும் என்று வருஷா வருஷம் அதே நாளில் ஐம்பது பேருக்கு மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மொஹிங்கா, சமைத்து அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ வீட்டுக்கு சிலிண்டர் சுமந்த பிள்ளைகள், எந்த வீடு என்றா ஞாபகம் வைத்திருப்பார்கள்? வாங்கிக்கொண்டு வாழ்த்துவார்கள்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாகம் பார்த்தோம். கொன்றவன் படகுக் கூட்டாளிதான். என் வீட்டுக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தால், இன்ஸ்பெக்டர் மறுபடி அந்தப் பெண்டாட்டியின் வீட்டுக்குப் போகிறான். அதே சமையலறை. "ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் ஏன் அழவில்லை?" என்கிறான்.

அவள் அவனைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த முகத்தை விட்டு காமிரா அசையவே மாட்டேன் என்கிறது. வெளியே மழை. அப்படி ஒரு முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. எங்கேயோ ஒரு கடலோரத்தில் யாரோ எடுத்த படம், எங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறவளை எப்படித் தெரிந்துகொண்டது? பதில் வரவில்லை. தொடர் முடியப்போகிறது, அப்புறம் இந்தத் தாயும் மகளும் ஒரே பாயில் உட்காரவே போவதில்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"'நான் அழுதா என் மக பயந்துடுவா, அதான் அழல'ன்னு சொல்றா," என்றேன்.

"அத்தை," என்றாள் அந்தப் பெண், "அவள் ஒன்றுமே சொல்லவில்லையே."

அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதையே மறந்துவிட்டேன். திரையின் அடியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவள் எழுந்து நின்றாள். பர்மியத்தில் பொரிந்து தள்ளினாள்.

"பொய் சொல்லி யாரையும் நல்லவளாக்கவேண்டாம் அத்தை. அவளுக்கு வாய் இருக்கிறது, சொல்லட்டும். எங்கள் வீட்டில் இருக்கிறவளுக்கும் வாய் இருக்கிறதே! அழாததைக்கூட விட்டுவிடுகிறேன். அப்பா உடம்பில் சூடு ஆறவில்லை. அதற்குள் வாசலில் வைத்த சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அதற்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவை அப்படியே போட்டுவிட்டு அதை விற்கப் போனாள்!"

நாலு வருஷமாக அவள் வயிற்றுக்குள் கிடந்தது இதுதான். நாங்கள் யாருமே கேள்விப்படாதது. அக்கா தலை நிமிரவில்லை.

"எந்த சிலிண்டர்?" என்று கேட்டேன்.

"சின்னது. தோளை அறுக்காமல் இருக்க என் ஸ்கூல் லுங்கியைச் சுற்றியிருந்தாள். நான் இஸ்திரி போடும்போது ஓரத்தைப் பொசுக்கிவிட்டேனே, அந்தப் பச்சை லுங்கி."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். சங்கத்துப் பிள்ளைகள் என்றைக்காவது கேட்டால் கொடுக்கலாம் என்று துவைத்து மடித்து அலமாரியின் அடியில் வைத்திருந்தேன். எடுத்து வந்து விரித்தேன். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த பழுப்புத் தழும்பு.

"அதை எதுக்கு எடுத்தே? உள்ள வை," என்று அதட்டினாள் அக்கா. அப்படி அவள் என்னை அதட்டியதே கிடையாது.

அந்தப் பெண் லுங்கியையும் பார்த்தாள், என் வீட்டுக்காரரையும் பார்த்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். நுரையீரல் அடிபட்டவர், மூச்சு விடுவது வெளியே தெரியும்.

"ஏன் அக்கா சொல்லல? கயித்துல கட்டிவிட்டுட்டுப் போயிட்டீங்களே! மாடி ஏறி வந்து குடுத்திருந்தா..." என்றேன்.

"மாடி ஏறி வந்தா உன் மூஞ்சியப் பாக்கணும். அண்ணனுக்கு வேணாமாக்கான்னு கேப்பே. நான் என்ன சொல்ல?" என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்புறமும் எதுக்குச் சொல்லணும்? சொன்னா நீ உன் புருஷனப் பாக்கறப்பல்லாம் என் புருஷன நினைப்பே. நிம்மதியா ஒரு வாய்ச் சோறு போடுவியா அவருக்கு?"

"சரி, எங்களுக்கு வேணாம். உங்க மககிட்ட?"

"அப்பாவுக்கு வாங்கினத வேற வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு பதினாறு வயசுப் புள்ளகிட்ட எப்படிச் சொல்ல?"

சயாமாவுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் லுங்கியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்தச் சிலிண்டரை என்னோடு சேர்ந்து இழுத்த கைகள் அல்லவா அவருடையவை! இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள், நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தாயின் முகத்தைப் பார்த்து, திக்கித் திக்கித் தமிழில். "அழலாம்ல? குடுத்துட்டு வந்து... அழலாம்ல?"

"எப்படிடீ அழுறது?" என்றாள் அக்கா. "நம்ம மாடிப்படிக்கூண்டு தெரியாதா உனக்கு? கீழ இருமினா மேல கேக்கும். நான் வாயைத் தொறந்து அழுதா நாலாவது மாடிவரைக்கும் கேக்கும். அங்க ஒருத்தர் மூச்சுக்கு அல்லாடிக்கிட்டிருந்தாரு. கீழ இருக்கிறவரு போயிட்டாருன்னு தெரிஞ்சா பயத்துலயே அவரும் போயிருப்பாரு. அன்னிக்கு ராத்திரி பூரா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மறுநாளும் பாத்தேன், அதுக்கு மறுநாளும் பாத்தேன். அப்புறம் அழ வரல. நேரம் தாண்டிப் போச்சு."

நான் எத்தனையோ பேருடைய பிறப்பையும் இறப்பையும் சான்றிதழில் மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷி என் காலடியில், மூன்று மாடிக்குக் கீழே, நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். நான் அவளை மரம் என்றேன். அவள் காலைத் தொடவேண்டும் என்று தோன்றியது, தொட்டால் அதற்கும் அதட்டுவாள் என்று பயமாகவும் இருந்தது. இங்கிலாந்துப் பெண் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். யாரோ ரிமோட்டை அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நிற்பதே அவருக்கு ஒரு வேலை. அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார். "இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது. அழும்மா."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. வந்தபோது, அப்பப்பா, அந்தக் கட்டடம் அதைத் தாங்குமா என்று பயந்துவிட்டேன். பெயர் சொல்லாமல், "என் ராசா, என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடம், மாடிப்படி, தெரு எல்லாம் அதிர்ந்தது. அந்தப் பெண் பாய்ந்து போய் அவள் கைகளைப் பிடித்தாள், பிடித்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். சயாமா அழுதார். நானும் அழுதேன். எங்கள் ஐந்து பேரில் யார் யாரைத் தேற்றுவது என்றே தெரியவில்லை.

தெருவுக்கு எதிர்ப்பக்க பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று பர்மியத்தில் கத்திக் கேட்டார்கள். அந்தப் பெண் தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டபடியே பால்கனிப் பக்கம் திரும்பி அவர்களுக்குத் தமிழிலேயே சொன்னாள்:

"எங்க அப்பா செத்துட்டாரு. எங்க அம்மா அழுறாங்க."